விருமாண்டியின் நீலச் செம்பருத்தி

“அழகர் ஆத்துல இறங்குறதுக்குள்ள என் வீட்டு வாசல்ல அஞ்சு கலர்ல செம்பருத்தி பூக்கும். பூக்கலேன்னா இந்த மீசையை எடுத்துடுறேன்!”

எண்பத்திரண்டில் எங்கள் தெருவே கேட்கும்படி இப்படிச் சவால் விட்டவர் விருமாண்டி. பஸ் கண்டக்டர். அந்த மீசையைப் பார்த்தபிறகு, சில்லறை இல்லை என்று சொல்ல எந்தப் பயணிக்கும் வாய் வராது.

வம்பை ஆரம்பித்தவர் எதிர்வீட்டுத் துளசிராம். சாயப்பட்டறை வைத்திருப்பவர். வாசலில் இருக்கும் ஐந்து டின்னிலும் சிவப்பே பூக்கிறதே என்று விருமாண்டி அலுத்துக்கொண்டபோது, முகத்தில் சிரிப்பே காட்டாமல் சொன்னார்:

“வேர்ல சாயத்தண்ணி ஊத்துங்கண்ணே. எந்தச் சாயமோ அந்தக் கலர்ல பூக்கும்.”

விருமாண்டி நம்பிவிட்டார். முதல் டின்னைச் சிவப்புக்கென்று விட்டுவிட்டு, மற்ற நான்குக்கும் மஞ்சள், ரோஸ், ஆரஞ்சு, நீலம் என்று பிரித்துக்கொண்டு தினமும் ஊற்றினார். துளசிராம் வாளியை நிரப்பிக் கொடுத்துவிட்டு, உள்ளே போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செடிகள் வாட ஆரம்பித்ததும் தெருவே சிரித்தது.

எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது விருமாண்டியின் மனைவி சோலையம்மாள்.

“ஏன் சோலை, நீயாச்சும் எடுத்துச் சொல்லக் கூடாதா?” என்று துளசிராமின் மனைவி பத்மாசினி கேட்டாள்.

“நான் எதுக்குச் சொல்லணும்? மீசை போகட்டும். இருபது வருசமா அந்தப் புதருக்குப் பின்னால மூஞ்சி எப்படி இருக்குன்னு நானும் பாக்கணும்ல?”

புருஷன் மானம் போகப்போகிறது, இவள் என்னடா என்றால் இளிக்கிறாள். எங்களுக்கே எரிச்சலாக இருந்தது.

போதாததற்கு, அவர் டூட்டிக்குப் போகிற நாளாகப் பார்த்துப் பெரிய கூடையோடு கொட்டாம்பட்டிக்குத் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். சாயங்காலம் கூடையைத் துணியால் மூடிக்கொண்டு திரும்புவாள்.

“என்ன சோலை, கூடையில?”

“புளி!”

பங்குனி முடிகிற சமயம், ஒருநாள் காலையில் விருமாண்டி போட்ட கூச்சலில் தெரு கூடிவிட்டது. இரண்டாவது டின்னில் மஞ்சள் செம்பருத்தி!

“பாத்தியா துளசிராமு! பூவு மட்டுமில்ல, இலைகூட வேற மாதிரி ஆயிருச்சு. சாயத்தோட சக்தி!”

துளசிராம் இலையைத் தடவித் தடவிப் பார்த்தார். அடுத்த வாரம் ரோஸ் பூத்தது. அதற்கடுத்து ஆரஞ்சு. சாயத்தண்ணீர் கேட்டு இரண்டு பேர் பட்டறை வாசலில் வாளியோடு வந்து நின்றுவிட்டார்கள்.

நீலம் மட்டும் பூக்கவே இல்லை. விடிந்தால் அழகர் ஆற்றில் இறங்குகிறார்.

“இன்னும் ஒரு கலர் பாக்கி இருக்குண்ணே,” என்று துளசிராம் மெல்ல ஞாபகப்படுத்தினார்.

விருமாண்டி ஐந்தாவது டின்னையே சுற்றிச் சுற்றி வந்தார். கை மட்டும் மீசையை விட்டு இறங்கவே இல்லை. பார்க்கவே பாவமாக இருந்தது.

உள்ளேயிருந்து சோலையம்மாள் குரல் கொடுத்தாள்: “சவரக்கத்தி தீட்டி வச்சாச்சு!”

மறுநாள் காலையில் பார்த்தால், ஐந்தாவது டின்னில் ஒரே ஒரு பூ. பளீரென்று நீலம்!

விருமாண்டி மீசையை முறுக்கிக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்ப, தெருவே அவர் பின்னால் போயிற்று. சோலையம்மாள் மட்டும் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, “இம்புட்டு ஆட்டம் ஆகாது!” என்று முணுமுணுத்தபடி வீட்டுக்குள் போய்விட்டாள்.

அதற்கு அடுத்த நாள் விருமாண்டி வாசலில் வந்து நின்றார். மீசை இல்லை.

“என்னண்ணே இது! ஜெயிச்சது நீங்கதானே?” துளசிராம் பதறிப்போனார்.

“செம்பருத்தி ஒருநாள் பூவுப்பா. நேத்துப் பூத்தது வாடிருச்சு. இன்னைக்கு அதே செடியில என்ன பூத்திருக்கு, பாரு.”

பார்த்தோம். வெள்ளை.

“நேத்து ஆத்தங்கரையில கொட்டாம்பட்டி வண்டி கண்டக்டர் கேட்டான். ‘மதினி நாலு தடவை கூடையில செடி கொண்டுபோனாங்களே, நல்லா வருதாண்ணே?’ன்னு. அப்ப எனக்கு வெளங்கலை. இப்ப வெளங்குது. நான் தோத்துட்டேன். மீசையை எடுத்துட்டேன்.”

துளசிராம் தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் தொழில் புத்தி விடவில்லை.

“சரிண்ணே. அப்ப நேத்து நாம எல்லாரும் பாத்த அந்த நீலம்?”

விருமாண்டி குழாயடியைக் காட்டினார்.

அங்கே சோலையம்மாள், “எவன் கேட்டான் உங்ககிட்ட நியாயம்? என் ராசா மீசை போச்சே!” என்று வாய்விட்டு அழுதுகொண்டே, தேங்காய் நாரால் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேட்டிக்குப் போடுகிற சொட்டு நீலம், பத்து விரலிலும் இன்னும் போகவில்லை.