ஏழாவது மாடி வீடு

"படியிலேயே போயிடலாம்க்கா. பேசிக்கிட்டே ஏறினா ஏறுறதே தெரியாது."

சின்னவள் இப்படிச் சொன்னதும் பெரியவளுக்குச் சுருக்கென்றது. தங்கையின் புது வீடு ஏழாவது மாடியில். எதிரே பளபளவென்று நின்ற லிஃப்டில் காய்கறிப் பையோடு ஒரு பெண்மணி ஏறிக்கொண்டிருந்தாள். அவளோடு நாமும் ஏறினால் லிஃப்ட் தேய்ந்தா போய்விடும்?

காரணம் பெரியவளுக்கு விளங்காமல் இல்லை. தன் சாயம்போன துணியையும், காலரைத் திருப்பித் தைத்த கணவரின் சட்டையையும் இந்தக் கட்டடத்துக்காரர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாது. கூடப்பிறந்தவளுக்கே கௌரவக் குறைச்சலாகிவிட்டோம்.

மூன்றாவது மாடியில் மூச்சு வாங்கியது. வயிற்றெரிச்சல் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்புவரை அக்கா கணவரும் தங்கை கணவரும் ஒரே நிறுவனத்தில், பக்கத்துப் பக்கத்து மேஜையில் இருந்தவர்கள். இயந்திரங்களைச் சோதித்து, 'ஆபத்தில்லை' என்று சான்று எழுதுவது வேலை. ஒருநாள் மேலாளர் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து போட்டார்.

"போய்ப் பாக்கல்லாம் நேரமில்ல. பாத்ததா எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க."

"பாக்காததைப் பாத்தேன்னு எழுதினா அது பொய்ச்சாட்சி சார். நாளைக்குக் கர்த்தருக்கு முன்னாடி நான் எந்த முகத்தோட நிப்பேன்?" என்றார் பெரியவளின் கணவர்.

அந்த வாரமே வேலை போனது. அதே காகிதங்களில் தங்கை கணவர் கையெழுத்துப் போட்டார். சீக்கிரமே மேலாளர் நாற்காலி அவருக்கு வந்தது. பின்னாலேயே இந்த வீடும் வந்தது.

பெரியவளின் கணவர் இப்போது ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகத் தையல் இயந்திரம் பழுது பார்க்கிறார். அவள் ஊரார் துணிக்கு இஸ்திரி போடுகிறாள். மகளின் படிப்பு பாதியில் நிற்கிறது. இத்தனைக்கும் விடிந்ததும் அவர் முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொல்வதில் ஒருநாள் குறைவில்லை. 'ஆண்டவர் எனக்கு மனசாட்சியைக் கட்டிவைத்தார், என் தங்கைக்கு மாடி வீட்டைக் கட்டிவைத்தார்' என்று அவள்தான் உள்ளுக்குள் முனகிக்கொள்வாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சாப்பாட்டு மேஜை, மெத்தை நாற்காலி, ஜன்னலுக்கு இரட்டைத் திரை. பெரியவள் எதையும் பாராட்டவில்லை. எதையும் பார்க்காமலும் விடவில்லை.

தங்கை கணவர் இளைத்திருந்தார். "அண்ணே, வீட்டுக்காக நீங்க ஒரு ஜெபம் பண்ணணும். நான் பண்ணினா எனக்கே ஒட்ட மாட்டேங்குது" என்றார் தலையைக் குனிந்தபடி.

எல்லாரும் கண்ணை மூடினார்கள். "இந்த வீட்டாரைக் காத்துக்கொள்ளும், ஆண்டவரே. எங்களையும் ஒரு குறைவுமில்லாமல் நடத்தி வருகிறீர்" என்று அவர் ஜெபித்தபோது பெரியவள் ஒரு கண்ணைத் திறந்தாள். குறைவில்லையா? மிச்ச ஜெபம் முழுக்க அவள் திரைச்சீலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஆமென் சொல்ல வாய் வரவில்லை. சின்னவள்தான் இரண்டு தரம் சொன்னாள்.

பால்கனியில் தனியாக நின்றபோது பெரியவள் கணவரிடம் கேட்டேவிட்டாள்.

"நீங்களும் அன்னைக்கு அந்தக் கையெழுத்தைப் போட்டிருந்தா நாமளும் இப்படி இருந்திருப்போம்ல?"

"எனக்கும் இதையெல்லாம் பாத்தா ஏக்கமாத்தாம்மா இருக்கு. இல்லைன்னு சொன்னா அதுவும் பொய்தான். ஆனா இன்னைக்கு அதே காகிதத்தை நீட்டினாலும் என் கை போகாது."

"உங்க கை போகாது. என் காலுதான் ஏழு மாடி போகணும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புறப்படும்போது சின்னவள் மறுபடியும் படிப்பக்கம் நடந்தாள். பெரியவளுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. விடுவிடுவென்று லிஃப்டுக்கு முன்னால் போய் நின்று பொத்தானை அழுத்தினாள்.

"இறங்கும்போதாவது உங்க வீட்டு லிஃப்டுல இறங்கிட்டுப் போறோம். யாராவது கேட்டா வேலைக்காரங்கன்னு சொல்லிக்கோ. எனக்கு வருத்தமில்ல."

லிஃப்ட் மேலே வரும் சத்தம் கேட்டது. சின்னவள் ஓடிவந்து அக்காவின் கையை இறுக்கிப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். வாசலில் நின்ற அவள் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம்க்கா. இதுக்குக் கையெழுத்துப் போட்டது இவருதான்."