வளைவு தாண்டும்வரை

"கீழ் அறைக்கு வந்திருக்காரே, அவர் சாகத்தான் வந்திருக்கார். எனக்கு நல்லாத் தெரியுது" என்று கிசுகிசுத்தபடி சமையலறைக்குள் வந்தாள் கியோனோ.

அவள் கணவர் யசுஜி ஆற்று மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வெந்நீர் ஊத்துல குளிக்க வந்திருப்பார்."

"ஒத்தை ஆளா? பனி உருகுற இந்தச் சேத்துலயா? வந்ததும் வராததுமா, 'தொங்கு பாலத்துக்கு எந்த வழி'ன்னு கேக்கறார். கேட்டுட்டு ஒரு பெருமூச்சு வேற விட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"பாலம் பனியில உடைஞ்சு போச்சுன்னு சொல்லிட்டேன்."

மலையில் விடுதி நடத்துகிறவர்களுக்கு இதில் விளக்க எதுவும் இல்லை. தனியாக வருகிறவருக்கு அறை இல்லை என்று கைவிரித்துவிடுவதுதான் யசுஜியின் அப்பா காலத்து வழக்கம். வந்தவர் மறுநாள் பள்ளத்தாக்கில் கிடந்தால், அதன் பிறகு அந்த வாசலை யார் மிதிப்பார்கள்?

"ரூம் இல்லைன்னு அனுப்பியிருக்கலாமே?" என்றார்.

"அனுப்பிட்டு நான் எப்படித் தூங்கறது? உங்களுக்கென்ன, கல்லு மாதிரி இருப்பீங்க."

யசுஜி அடுத்த மீனை எடுத்தார். அவர் எதற்குமே பதில் சொல்லாத மனிதர். பிரச்சினையே அதுதான்.

கடைசிப் பனி உருகியதும் கனசவா நகரில் இருக்கும் அக்காவிடம் போய்விடப் போவதாகப் புத்தாண்டு அன்றே கியோனோ சொல்லிவிட்டாள். சண்டையில்லை, அழுகையில்லை. "இந்த வீட்டுல பேசறது ஆறு மட்டும்தான். எனக்கு அலுத்துப் போச்சு" என்றாள். அதற்கும் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அன்றிலிருந்து அவளும் சூப், சோறு, மெத்தை என்பதற்கு மேல் பேசவில்லை. கட்டிவைத்த பெட்டி நடையில் நின்றது. கூரையின் வடக்குச் சரிவில் மட்டும் இன்னும் கொஞ்சம் பனி இருந்தது.

இப்போது அவள் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலைக்குள் மொரிகுபோ என்ற அந்த விருந்தாளியின் அறையிலிருந்து பழம் நறுக்கும் கத்தி போனது. குளியலறை ரேஸர் போனது. விடுதியில் உடுத்தக் கொடுக்கும் பருத்தி அங்கியின் இடுப்புக் கச்சையும் போனது.

"கச்சையுமா?" என்றார் யசுஜி.

"அதுதான் முதல்ல போகணும்!"

"பாவம், ஒரு கையால அங்கியைப் பிடிச்சுக்கிட்டே சாப்பிடறார்."

"சாப்பிடறார் இல்ல? அது போதும். நீங்க போய் அவர்கூடக் குளிங்க. ஏதாவது பேச்சுக் கொடுங்க."

"நானா?"

கியோனோ அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, பேச வேண்டாம். பக்கத்துலயாவது உக்காருங்க."

பாறைகளுக்கு நடுவே ஆவி பறக்கும் நீரில் இருவரும் கழுத்தளவு உட்கார்ந்திருந்தார்கள். மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் கியோனோ பெருக்கின இடத்தையே திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டிருந்தாள். மொரிகுபோ பெருமூச்சு விட்டார். யசுஜி மலையைப் பார்த்தார். கீழே ஆறு மட்டும் பேசியது.

மறுநாளும் காவல் தொடர்ந்தது. விருந்தாளி கண்ணயர்ந்த மதிய வேளையில் கணவனும் மனைவியும் கணப்பருகே உட்கார்ந்து, அவர் அறைக் கதவைப் பார்த்தபடி தணிந்த குரலில் பேசினார்கள். முதலில் அவரைப் பற்றி. அவருக்கு மனைவி இருப்பாளா, இருந்தால் எப்படிப்பட்டவள் என்று. பிறகு எப்படியோ, தங்கள் கல்யாணத்துக்குப் பிந்தைய முதல் பனிக்காலத்தில் பனிப் பாரம் தாங்காமல் கூரை இறங்கிய கதைக்கு வந்துவிட்டார்கள்.

"அன்னிக்கு நீங்க என் தலைமேல பானையைக் கவுத்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

"உன் தலை உடைஞ்சா சமையல் யாரு கத்துக்கறதுன்னுதான்."

கியோனோ சட்டைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தான் இவ்வளவு நீளமாகப் பதில் சொன்னதை யசுஜியாலேயே நம்ப முடியவில்லை.

மூன்றாம் நாள் காலை மொரிகுபோ புறப்பட்டார். "மனசு கொஞ்சம் லேசா இருக்கும்மா" என்றார்.

கியோனோ விடவில்லை. "இலை உதிர்றதுக்கு முன்னாடி, சிவக்கறப்போ திரும்பி வரணும். பாலத்துல நின்னு பாத்தா மலையே தீப்பிடிச்ச மாதிரி இருக்கும்." நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அதுக்குள்ள பாலத்தைச் சரி பண்ணிடுவாங்க. வர்றேன்னு வாக்குக் குடுங்க."

"வர்றேன். அப்போ நீங்க இங்க இருப்பீங்களாம்மா?"

கியோனோ திரும்பினாள். நடையில் நின்ற பெட்டியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கூரையிலிருந்து பனி சொட்டும் ஓசை கேட்டது. யசுஜி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இருப்பேன்" என்றாள் கடைசியில். "நீங்க வந்தா நான் இருக்க வேண்டாமா?"

விருந்தாளி கண்ணிலிருந்து மறையும்வரை குனிந்த தலையை நிமிர்த்தக் கூடாது. விடுதியின் வழக்கம் அது. கியோனோ வாசலில் குனிந்து நின்றாள். விருந்தாளியின் பையைத் தூக்கிக்கொண்டு யசுஜி அவருடன் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். மொரிகுபோ வழியில் இரண்டு தடவை திரும்பி, சோகமாகக் குனிந்து வணங்கினார்.

சாலை வளைவு தாண்டியது.

"அப்பாடா!" மொரிகுபோ நெஞ்சைத் தடவிக்கொண்டார். "மூணு நாளா பெருமூச்சு விட்டு விட்டு விலா எலும்பே வலிக்குதுடா யசுஜி! கச்சையைப் பிடுங்குவாங்கன்னு போன்ல ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

ஒசாகாவில் ஒரே சமையலறையில் வேலை கற்ற பழைய நண்பனுக்கு யசுஜி வழக்கம்போல் பதில் சொல்லவில்லை. கியோனோ கட்டிக்கொடுத்த சோற்று உருண்டைப் பொட்டலத்தை அவர் கையில் வைத்தார். பஸ் வந்து நின்றதும்தான் வாய் திறந்தார்.

"இலை சிவக்கறப்போ கண்டிப்பா வந்துடு. ஆனா, முழுசாத் தேறிடாதே."