மூன்று மணிக்குக் கேட்ட குரல்

மறுபடியும் ரேடியோவின் மைக் பொத்தானை அழுத்தினார். முள் அசையவில்லை.

இந்தப் புது செட்டில் முள் ஏது. திரையில் ஒரு சிவப்புக் கோடு மட்டும் எழுந்து மினுங்கியது. பக்கத்தில் நூறு வாட் என்றிருந்த எண், பூஜ்யமாகிவிட்டது.

வீட்டுக்குப் பின்னால் தென்னை விழுந்து ஆன்டெனாவை இழுத்துப்போட்டு ஒரு மணி நேரமாகிறது. துணி காயப்போடும் கம்பியை அவிழ்த்து வந்து ரேடியோவில் மாட்டிப் பார்க்கிறார். கேட்பதற்கு அது போதும். பேசுவதற்கு, புது செட் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது.

மேஜையில் நனைந்த துண்டுச்சீட்டு.

தாலுகா ஆபீஸ் ஆள் இடுப்பளவு தண்ணீரில் வந்து கொடுத்துவிட்டுப் போனது. நாலு மணிக்கு அணையின் மதகுகள் எல்லாம் திறக்கிறார்கள். அதற்குள் ஆற்று நடுவில் இருக்கும் நாணல்திட்டுக்காரர்கள், திட்டின் கிழக்குக் கரை மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். பள்ளிக்கூடம் மூழ்கும்.

பள்ளிக்கூடத்தில் நாற்பத்தாறு பேர்.

பாலம் காலையிலேயே போயிற்று. போன் நேற்றே போயிற்று. திட்டுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் மிச்சம் இருந்தது ஆர்வத்துக்காக வீட்டில் வைத்துப் பேசும் இந்த இரண்டு ஹாம் ரேடியோக்கள்தான். இங்கே இவர். அங்கே பிலவேந்திரன் வாத்தியார்.

மணி இரண்டு ஐம்பது.

முந்நூறு பக்கக் கையேட்டைப் புரட்டினார். ஆன்டெனா சரியில்லை என்றால் சக்தி தானாகக் குறையும். கருவியின் பாதுகாப்புக்காக. இதை மாற்ற இயலாது.

நல்லாப் பாதுகாத்தீங்கடா.

பழைய வால்வு செட் ஒன்று வைத்திருந்தார். இருபத்தாறு வயதில் தன் கையால் கட்டியது. கேட்க உட்கார்ந்தால் ஒரே இரைச்சல். மனுஷக் குரலை அதற்குள்ளிருந்து பொறுக்கி எடுக்க வேண்டும். ஆனால் பேசும். ஆன்டெனாவுக்குப் பதில் இரும்புக் கட்டிலில் மாட்டினாலும் பேசும். ஒருதரம் பந்தயம் கட்டி, மாட்டுக்கொட்டகைத் தகரத்தில் மாட்டி இலங்கைக்குப் பேசியிருக்கிறார். வால்வு சிவந்து வெந்து செத்தாலும் சாகுமே தவிர, பாதியில் வாயை மூடாது.

அதை இன்வெர்ட்டரில் போட்டால் ஐந்து நிமிடம் ஓடும். ஐந்து நிமிடம் போதும்.

அது இப்போது ஒரு கல்லூரியில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. போன தை மாதம் இவரே கொண்டுபோய்க் கொடுத்து, மாலை மரியாதை வாங்கிக்கொண்டு வந்தார்.

துணிக்கம்பியை ஜன்னலில் கட்டினார். சிவப்புக் கோடு. நீளத்தைப் பாதியாக்கினார். சிவப்புக் கோடு. அழுகை வந்தது.

மூன்று மணி.

"சார், பிலவேந்திரன் பேசறேன்."

பக்கத்து நாற்காலியில் இருந்து பேசுவது போலக் கேட்டது. வெளியே மழை கூரையைப் பிய்க்கிறது. செட்டுக்குள் மழையே இல்லை. இரைச்சலை எல்லாம் அது வழித்துப்போட்டுவிட்டது. வாத்தியாருக்குப் பின்னால் ஒரு குழந்தை இருமுவதுகூடக் கேட்டது. யாரோ பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பது கேட்டது.

"உங்க சேதிக்காகக் காத்திருக்கேன். ஓவர்."

அழுத்தினார். "வாத்தியாரே, கெளம்புங்க. கெழக்குக் கரைக்கு ஏறுங்க. இப்பவே."

சிவப்புக் கோடு.

"ஏறுங்க வாத்தியாரே."

பொத்தானை விட்டார். வாத்தியார் குரல் திரும்ப வந்தது.

"ஒண்ணும் வரலை. சரி சார். அப்ப ஒண்ணும் மாறலைன்னு எடுத்துக்கறேன்."

அது இவர் வைத்த சட்டம். நேற்றுக் காலையில் இவரே சொன்னது. மணிக்கு ஒருதரம் செட்டைப் போடுங்கள், நான் பேசாவிட்டால் நிலைமை அப்படியே இருக்கிறது என்று அர்த்தம், வீணாகப் பேசி பேட்டரியைத் தீர்க்க வேண்டாம் என்று. ஹாம் ஆட்கள் எல்லாரும் செய்வதுதான். நேற்று முழுக்க நன்றாகத்தான் நடந்தது.

"மாடிக்கு ஏத்தலாமான்னு பார்த்தேன். கூரை ஒழுகுது. கீழேயே இருக்கோம். புள்ளைங்க இப்பத்தான் கண்ணசந்துச்சுங்க. உலை வச்சாச்சு."

இவர் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். அழுத்தியிருக்கும்வரை அந்தப் பக்கத்துக் குரல் கேட்காது. விட்டார்.

"...புது செட் வாங்குனது நல்லதாப் போச்சு சார். பழசுன்னா இந்த மழையில என் குரல் உங்களுக்கு எட்டியிருக்குமா? நாங்க பேசுறது அங்க கேக்குதுங்கறதே எங்களுக்குப் பெரிய தைரியம். நாலு மணிக்கு வர்றேன். ஓவர்."

க்ளிக் என்று ஒரு சத்தம். பேட்டரியை மிச்சம் பிடிக்க வாத்தியார் அணைத்துவிட்டார்.

மனைவி மங்கையர்க்கரசி அடுப்படியில் இருந்து ஈரக்கையோடு வந்தாள். முப்பது வருடமாக இந்த மேஜைக்குப் பின்னால் நின்று அதே கேள்வியைத்தான் கேட்கிறாள்.

"கேக்குதாங்க?"

"ம். நல்லாக் கேக்குது."