விடுபட்ட பேலட்டுகள்

ஏசி உறுமுகிற பயிற்சி அறையில் சரக்கு முகவர்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைக்கிறார் பயிற்சியாளர். ஒருவர் சரக்கை அனுப்புவதாக எடைக் கணக்குப் போட வேண்டும், எதிரில் இருப்பவர் சரிபார்க்க வேண்டும். “நீங்க சொன்ன எடையும் துறைமுகத் தராசும் ஒத்துப்போகலைன்னா கன்டெய்னர் கப்பல் ஏறாது.” அக்காவுக்கு எதிரில் வந்து விழுகிறான் தம்பி. அப்பா ஆரம்பித்த கம்பெனியை உடைத்து, பாதி வாடிக்கையாளர்களை வாரிச் சுருட்டிக்கொண்டு போனவன். “நல்லா இருக்கீங்களா?” என்கிறான். போன மாதம்வரை ‘நீ’ என்ற வாய்தான் அது. “வேலையப் பாரு,” என்கிறாள். ப்ரொஜெக்டரின் நீல வெளிச்சம் விழுகிற விரல்களால் அவன் எடையைக் கூட்டுகிறான்: பெட்டிகள், காலி கன்டெய்னர். அவ்வளவுதான். பெட்டிகளுக்கு அடியில் வைக்கிற மரப் பேலட்டுகளை விட்டுவிட்டான். எப்போதும் விடுவான். அப்பா கம்பெனியில் சத்தமில்லாமல் அவற்றின் எடையையும் சேர்த்து அனுப்பியதெல்லாம் அவள்தான்; அப்படி ஒரு வேலை நடந்ததே அவனுக்குத் தெரியாது. தாளை அவள் பக்கம் தள்ளுகிறான். “சீக்கிரம் பாருங்க. சாயங்காலம் என்னோட முதல் கன்டெய்னர் துறைமுகத்துக்குப் போகுது. எடையெல்லாம் நானேதான் போட்டேன், யார் தயவும் இல்லாம.” அவள் பேனா முனை கூட்டுத்தொகைக்கு மேலே நிற்கிறது. ஏசி ஒருமுறை விக்கி அடங்குகிறது. “தப்பு ஏதாவது இருக்காம்மா?” பின்னாலிருந்து கேட்கிறார் பயிற்சியாளர். தம்பியின் முகத்தை விட்டுப் பார்வையை எடுக்காமல் அவள் பேனாவை மூடுகிறாள். “இல்லைங்க. என் தம்பி எதையும் விட்டுட்டுப் போகமாட்டான்.”