சவரியின் வேர்

"வெட்ட வேண்டாம்னு சொல்றாருக்கா. கட்டிலையும் நகர்த்த விடமாட்டேங்குறாரு. தொட்டாலே தெருவே கூடுற மாதிரி கத்துறாரு," என்றாள் கீழ்வீட்டு செலின்.

மொட்டைமாடியில் கடப்பாரையோடு நின்ற கோமளாவுக்குக் கை ஓடவில்லை. தவறு அவளுடையதுதான். செங்கல் அடுக்கி உயரமாகப் பாத்தி கட்டியவள், அடியில் தார்ப்பாய் விரிக்காமல் வெறும் தளத்தின் மேலேயே மண்ணைக் கொட்டிவிட்டாள். அதில் நட்ட முருங்கை எங்கோ ஒரு விரிசலைக் கண்டுபிடித்து, கீழ்வீட்டுக்குள் ஒற்றை வேரை இறக்கியிருந்தது. பக்கவாதத்தில் படுத்திருக்கும் செலினின் கணவர் சவரியின் முகத்துக்கு நேர் மேலே அது தொங்கியது. பார்க்க வந்த கொத்தனார், "இனி ஒரு குடம் தண்ணி இறங்கினாலும் தளம் அவரு மேலதான் விழும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து கோமளா தண்ணீர் ஊற்றவில்லை. இலைகள் பழுத்து, காற்று பட்டாலே உதிர்ந்தன.

"ஒரு வருஷமா வாயே திறக்காத மனுஷன், வேர் வந்த பிறகுதான் பேசுறாரு. அதுவும் என்கிட்ட இல்லக்கா, அதுகிட்ட! இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவ நான்," என்று சிரிக்கப் பார்த்தாள் செலின். முடியவில்லை.

கோமளா கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து பாத்தி மண்ணில் காதை வைத்தாள். காய்ந்த மண்ணுக்கு அடியிலிருந்து, விரிசல் வழியாக, குழறலாகச் சவரியின் குரல் வந்தது.

"இன்னும் ஒரு சாண்தாம்மா. கைக்கு எட்டிடும். கொஞ்சம் தண்ணி ஊத்துங்களேன்."