கட்டிலுக்குக் கீழே ஒரு பிரெஞ்சுப் போத்தல்

"இது உன்ர கட்டிலுக்குக் கீழை எப்பிடி வந்தது?"

வீட்டுக்காரி சின்யோரா பியாங்கா காலிப் போத்தலைச் சாப்பாட்டு மேசையில் 'டக்' என்று வைத்தார். ஞாயிறு மத்தியான விருந்துக்கு வந்திருந்த நாலு பேரும் வாய்க்குக் கொண்டுபோன முள்ளுக்கரண்டியை அப்படியே நிறுத்தினார்கள்.

பரிமாறிக்கொண்டிருந்த கிளறா தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போத்தலைப் பார்த்தாள்.

தொண்ணூற்றைந்தில் மன்னாரிலிருந்து இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்தவள். பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்து இந்த வீட்டோடு தங்கித்தான் வேலை. அந்தப் போத்தலைத் தூசு தட்டியிருக்கிறாளே தவிர, மூடியில் கை வைத்ததில்லை.

பிரான்சில் ஒரு சின்னத் திராட்சைத் தோட்டத்தில் வருசத்துக்குக் கொஞ்சமாய்ச் செய்கிற சிவப்பு வைன். வீட்டுக்காரர் தானே போய் வாங்கிவந்தது. கடைசிப் போத்தல். இன்றைக்குத் திறக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

"மாதா சத்தியமா நான் குடிக்கேல்லை, சின்யோரா!"

"அப்ப போத்தல் தானே நடந்துபோய் அங்கை படுத்ததோ?"

"ருசி தெரிஞ்ச பிள்ளைதான்!" ஒரு விருந்தாளி சிரித்தார்.

வீட்டுக்காரர் எழும்பி வந்தார். அடி விழப்போகிறது என்று கிளறா கண்ணை மூடினாள்.

"விடு பியாங்கா. வைன்தானே! பிள்ளை எங்களுக்கு மகள் மாதிரி."

கிளறாவால் நம்பமுடியவில்லை. அந்தத் தோட்டத்தைப் பற்றிக் கதைத்தாலே கண் கலங்குகிற மனுசன்!

"கள்ளியை நான் வீட்டிலை வைச்சிருக்கமாட்டன். இப்பவே வெளிக்கிடவேணும்."

"எங்கை போவாள் பாவம்? நாளைக்குக் கதைப்பம்."

"நாலு பேருக்கு முன்னாலை கேக்கிறன். நானோ, இவளோ?"

அவர் விருந்தாளிகளை ஒருக்காப் பார்த்துவிட்டுத் தன் கதிரையில் போய் உட்கார்ந்தார்.

பையோடு படியிறங்கினாள் கிளறா. வேலை போனால் பெர்மெசோ போச்சு. அந்த வதிவிட அனுமதிப் பத்திரம் இல்லாமல் இந்த நாட்டில் எப்படி இருப்பது? பின்னால் சின்யோராவும் இறங்கி வந்தார். பையைச் சோதிக்கத்தான் வருகிறாவாக்கும்!

"அழாதை. வெளியிலை என்ர அக்கா காரோடை நிக்கிறா. இனி அவ வீட்டிலைதான் உனக்கு வேலை. பெர்மெசோவுக்கும் அவ கையெழுத்து வைப்பா."

கிளறா பையைக் கீழே வைத்தாள். "அப்ப... வைன்?"

"காலமை நான்தான் குசினிச் சிங்கிலை ஊத்தினன்."

"ஐயோ, ஏன்? உங்களுக்கு நான் என்ன செய்தனான்? எல்லாருக்கும் முன்னாலை என்னைக் கள்ளி எண்டு..."

"நல்ல பிள்ளையை அனுப்ப அவர் விடார். கள்ளியை வைச்சிரு எண்டு நாலு பேருக்கு முன்னாலை சொல்லவும் ஏலாது."

சின்யோரா புத்தம் புதுச் சாவி ஒன்றை அவள் கையில் வைத்தார்.

"இஞ்சை உன்ர அறைக் கதவுக்கு இன்னொரு சாவி. நேற்றுப் புதுசா வெட்டுவிச்சு, என்ர மனுசன் தன்ர சட்டைப் பையிலை வைச்சிருந்தார்."