ஒரே ஒரு கோப்பை

"என்னைப் போலீஸ்ல காட்டிக் கொடுத்தவன் கதையைச் சொல்லட்டுமா?" என்றார் கிரிஸ்பின்.

வலது கையை மூடி வைத்திருந்தார். உள்ளே மக்காச்சோள மணி இருந்தால் சொல்லப்போவது நிஜம். கறுப்பு அவரைக்கொட்டை இருந்தால் புளுகு. கேட்பவர்களில் ஒருவர் சரியாகச் சொல்லிவிட்டாலும் கதை சொன்னவர் தோற்றார். எல்லாரும் ஏமாந்தால்தான் ஜெயம். ஞாயிற்றுக்கிழமை மதியம், மாமரத்தடியில், நாலு பேருக்கும் இதுதான் பொழுதுபோக்கு. சற்று முன்புதான் பக்கத்து வீட்டு சுல்மா தோற்றிருந்தாள். இளவயதில் பாதிரியார் ஒருவர் தன்னைப் பெண் கேட்டார் என்றாள். யாரும் நம்பவில்லை.

நிமியா கணவரைப் பார்த்தாள். ஆர்செனியோ எல்லாரும் மாறி மாறிக் குடிக்கும் தெரெரேக்காக, இலைத்தூள் போட்ட கொம்புக் கோப்பையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் தளும்பி அவர் முழங்காலில் கொட்டியது.

"தெரெரேயைக் குடிக்கக் குடு, ஆர்செனியோ. குளிக்கிறதை வீட்ல வச்சுக்க" என்றாள் சுல்மா.

ஆர்செனியோ சிரிக்கவில்லை.

கிரிஸ்பின் பிடிபட்டது பராகுவேயில் ராணுவ ஆட்சி நடந்த காலத்தில். ஒருநாள் விடிந்தபோது ஊர்ச் சுவர்களெல்லாம் ஆட்சியைத் திட்டும் துண்டுப் பிரசுரம். அச்சடித்தது யார் என்று தெரியாமல் ஊர்க் கால்பந்து அணி மொத்தத்தையும் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. மூன்றாம் நாள் மற்ற எல்லாப் பையன்களும் வீடு திரும்பினார்கள். கிரிஸ்பின் மட்டும் மூன்று வருஷம் கழித்து வந்தார். யாரோ அவர் பெயரைச் சொல்லியிருந்தான்.

அந்த யாரோ, அதே அணியில் ஆடிய ஆர்செனியோதான். கல்யாணத்துக்கு முந்தின வாரம் நிமியாவிடம் சொல்லி அழுதார். அதன் பிறகு அந்த வீட்டில் அந்தப் பேச்சே எழுந்ததில்லை. சிறையிலிருந்து வந்த கிரிஸ்பினைத்தான் தங்கள் மகளுக்கு ஞானத்தகப்பனாக நிறுத்தினார்கள்.

"சொல்லு, சொல்லு" என்றாள் சுல்மா.

"போன ஜனவரி, நல்ல கோடை. அசுன்சியோன் பஸ் நிலையம். பெஞ்சுல பக்கத்துல ஒரு கிழவன். பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. அன்னைக்கு ஸ்டேஷன்ல இருந்த சார்ஜென்ட்."

"ஐயோ மாதாவே!"

"அவனுக்கும் என்னை அடையாளம் தெரிஞ்சுது. ஒண்ணும் பேசலை. தெரெரே ஊத்தி என்கிட்ட நீட்டினான்."

"நீயும் வாங்கிட்டியாக்கும்? மூஞ்சியில வீச வேணாமா?"

"வெயில் அப்படி, சுல்மா. வாங்கிக் குடிச்சேன். அப்பத்தான் சொன்னான். 'எனக்கு ரொம்ப நாள் இல்ல. உன் பேரைச் சொன்னது யாருன்னு சொல்லிட்டா மனசு லேசாகும்'னு."

ஆர்செனியோ கையிலிருந்த கூஜாவைக் கீழே வைத்தார். எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல மறுபடி எடுத்தார்.

நிமியா கிரிஸ்பினின் மூடிய கையைப் பார்த்தாள். விளையாட்டென்று சொல்லி இத்தனை வருஷமாக இதற்காகவா காத்திருந்தார் இந்த மனிதர்? சுல்மா காதில் விழுந்தால் சாயங்காலத் திருப்பலிக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

"யாராம்?" சுல்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"கோப்பையைத் திருப்பிக் கொடுத்தேன். கிராசியாஸ்னு சொன்னேன்."

"சரி, அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? கோப்பையைத் திருப்பிக் கொடுக்கிறப்போ நன்றி சொன்னா, போதும், இனி ஊத்தாதேன்னுதானே அர்த்தம்? நடக்கப் பழகுற பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவனும் இந்த நாட்டுக்காரன்தானே. கோப்பையைப் பைக்குள்ள வச்சான். வாயையும் மூடிக்கிட்டான். என் பஸ் வந்துச்சு, ஏறிட்டேன்."



"புளுகு!" சுல்மா தொடையைத் தட்டினாள். "ஜனவரி வெயில்ல, ஐஸ் போட்ட தெரெரேக்கு, எந்தப் பராகுவேக்காரன் ஒரே கோப்பையோட கிராசியாஸ் சொல்லுவான்? அதுவும் உன் மூணு வருஷத்தைத் தின்னவன் பேரு அந்தாளு நாக்கு நுனியில நிக்கிறப்போ! சுத்தப் புளுகு!"

"நிமியா, நீ?"

"புளுகு" என்றாள் நிமியா.

"ஆர்செனியோ?"

ஆர்செனியோ தரையைப் பார்த்தபடி சொன்னார். "நீ கேட்டிருப்பே, கிரிஸ்பின். யாரா இருந்தாலும் கேட்டிருப்பான். புளுகு."

கிரிஸ்பின் கையை விரித்தார்.

மக்காச்சோளம்.

"அட நாசமாப் போறவனே!" சுல்மா எழுந்தே விட்டாள். "நிஜமாவா? பேரை வாங்கலையா நீ? உனக்குப் பைத்தியமா?"

"ஜெயிச்சவனைத் திட்டக் கூடாது. ஐஸ் தீர்ந்துபோச்சு. தோத்தவங்க போய்க் கொண்டு வாங்க."

ஆர்செனியோ மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கண்ணைத் துடைப்பது தெரியாமல் இருக்கத் தொப்பியைச் சரிசெய்தார். "நல்ல கதைடா" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார். சுல்மா அவர் பின்னாலேயே, "நல்ல கதையாம்! நானா இருந்தா அந்தக் கிழவன் கழுத்தைப் பிடிச்சு வாங்கியிருப்பேன்" என்று புலம்பிக்கொண்டே நடந்தாள்.

நிமியாவும் போயிருக்க வேண்டும். உட்கார்ந்தே இருந்தாள். தப்பித்துவிட்டோம். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கிரிஸ்பின், அது யாருன்னு தெரிஞ்சுக்கணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

உள்ளே ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்டது. கிரிஸ்பின் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தெரிஞ்சுக்க என்ன இருக்கு, நிமியா? அப்போ ஸ்டேஷன்ல நான் அடுத்த அறையிலதான் கிடந்தேன். என் பேரைச் சொல்லாம உன் புருஷன் ரெண்டு ராத்திரி அடி தாங்கினதை, சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டுக்கிட்டே இருந்தேன்."